கோடை இடிமழையும் நம் கடைச் சரக்கும்



மிளகாய் வற்றல் விலை ஏறுமா, துவரம்பருப்பு இறங்குமா, லாரி எந்தச் செக்போஸ்ட்டில் நிற்கிறது என்று நாள் முழுவதும் விசாரிக்கும் நாம், தலைக்கு மேலே வானத்தை மட்டும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மழை விவசாயியின் கவலை என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதன் விலையை ஒரு சித்திரை மாதத்தில் நாம் கொடுத்தோம். அதைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா நம் பகுதி வியாபாரிகளுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் தெரியும். எட்டு நாள் விழா. முல்லையாற்றங்கரையில் பொரி கடலை, பாத்திரம், பொம்மை, வளையல் என்று வரிசையாகக் கடை போடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கடை போட்ட ஒரு தம்பி நம் மண்டியில் பொரி, பொரிகடலை, வெல்லம், கற்பூரம், சீனி என்று கடனுக்குச் சரக்கு எடுத்திருந்தார். விழாவின் இரண்டாம் நாள் மதியம் இன்னொரு நடை சரக்குக் கேட்டு மினி லாரியுடன் வந்தார்.

அப்போது நம் மண்டிக்கு எதிர்த் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மேகம் பார்ப்பதும் மழை அளப்பதும் அவருக்குப் பொழுதுபோக்கு. "அண்ணாச்சி, இந்த லோடை இன்றைக்கு அனுப்ப வேண்டாம். போடி மலை மேலே பதினோரு மணியிலிருந்து மேகம் கட்டுது. உச்சி கிழக்கே சாயுது. நாலு மணிக்குள்ளே இறங்கிடும்" என்றார். வெளியே மண்டை பிளக்கும் வெயில். நாம் சிரித்துக்கொண்டே, "வாத்தியார் வாக்கு பலிக்கட்டும், கொஞ்சம் குளிர்ச்சியாவது வரும்" என்று சொல்லி லோடை ஏற்றிவிட்டோம்.

மூன்றேமுக்கால் மணிக்குப் புழுதிக் காற்று. அடுத்த பத்து நிமிடத்தில் கல் எறிந்த மாதிரி மழை. ஆற்றங்கரையில் அந்தத் தம்பியின் கொட்டகை சாய்ந்தது. பொரி மூட்டைகள் நமுத்து ஒன்றுக்கும் ஆகாமல் போயின. வெல்லம் கரைந்து சாக்கு வழியாக ஓடியது. நம் மண்டியிலும் வாசலோரம் அடுக்கியிருந்த வற்றல் மூட்டைகளில் அடி வரிசை முழுக்க நனைந்தது. அன்று மாலை வாத்தியார் தம் மாடியில் வைத்திருந்த அளவுகோலைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் 47 மில்லிமீட்டர் என்று சொன்னார்.

சரக்கு போனது பெரிதல்ல. அந்தத் தம்பி அதன் பிறகு இரண்டு மாதம் நம் கடைப் பக்கமே வரவில்லை. பாக்கியைக் கேட்டுவிடுவோமோ என்று வெட்கம். வீட்டில் இருந்த நகையையும் அடகு வைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். நாமே போய் அழைத்து வந்து, பாக்கியைத் தவணையாக்கி, புதுச் சரக்கும் கொடுத்தோம். ஆனால் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. சொன்னவர் வாசலிலேயே நின்றார், கேட்கத்தான் நமக்கு மனமில்லை. அந்த வருத்தத்தில்தான் வாத்தியாரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டோம். கேட்டதையும், பிறகு படித்ததையும் நம் வணிக நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

மேகம் பார்க்கிறவர்கள்

மழை பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இன்று நேற்று வந்தவர்கள் அல்லர். இங்கிலாந்தில் ஜி.ஜே. சைமன்ஸ் என்பவர் 1860இல் நாடு முழுவதும் தன்னார்வலர்களை மழை அளக்கச் சொல்லி, கணக்கைத் திரட்டி ஆண்டுதோறும் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். 1900இல் அவர் இறக்கும்போது மூவாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் அந்தப் பணி நடந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் 1997 ஜூலை 28 அன்று பெருமழை பெய்தது. ஊரின் ஒரு பக்கம் 35 சென்டிமீட்டருக்கு மேல், மறுபக்கம் 5 சென்டிமீட்டர் அளவுதான். ஐந்து பேர் இறந்தார்கள். ஒரே ஊருக்குள் இவ்வளவு வித்தியாசம் இருப்பதை நாலைந்து அரசு அளவுமானிகள் காட்ட முடியாது என்று உணர்ந்து, மறு ஆண்டே வீட்டுக்கு வீடு மழைமானி வைக்கும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அது இன்று அந்நாடு முழுவதும் பரவியிருக்கிறது.

நம் மலைக்கு அப்பால் கேரளத்திலும் இது நடக்கிறது. கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றங்கரை மக்கள், பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு மழை அளந்து ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்கிறார்கள். வயநாட்டில் ஹ்யூம் மையம் என்ற தன்னார்வ நிறுவனம் விவசாயிகளின் நிலங்களில் இருநூறுக்கு மேற்பட்ட மழைமானிகளை வைத்திருக்கிறது. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்களே, அதற்கு முந்தின நாளே அந்த மையத்தார் தம் அளவுகளைக் கொண்டு நிர்வாகத்துக்கு எச்சரிக்கை சொல்லியிருந்தார்கள் என்ற செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள்.

தமிழகத்தில் இப்பேர்ப்பட்ட ஆர்வலர்களில் 'தமிழ்நாடு வெதர்மேன்' எனப்படும் பிரதீப் ஜான் பெயர் வீட்டுக்கு வீடு தெரியும். அவர் வானிலைத் துறை அதிகாரி அல்லர். வேறு அலுவல் பார்த்துக்கொண்டே மழைக்கணக்கைச் சேகரிப்பவர். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போதும், 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் கரையைக் கடந்தபோதும் இலட்சக்கணக்கானோர் அவர் எழுதுவதைப் படித்தார்கள். கீ வெதர், சென்னை ரெயின்ஸ் என்ற பெயர்களில் எழுதிவரும் நண்பர்களும் உண்டு.

நம் பள்ளத்தாக்கிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், பெயர்தான் வெளியே தெரியாது. ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, வாழை லோடு ஏற்றும் டிரைவர், செல்போன் கடைப் பையன், வாத்தியார் என்று பல தொழிலில் இருப்பவர்கள். மார்ச் பிறந்தால் இவர்கள் கண் மேற்கு மலை மேலேயே இருக்கும்.

மலையில் மேகம் எழும் விதம்

நம் பகுதியின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று நீளும் பள்ளத்தாக்கு. மேற்கே குமுளி முதல் போடிமெட்டு வரை மலைத் தொடர். கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலை. வடக்கே பெரியகுளத்துக்கு மேலே கொடைக்கானல் மலை. மூன்று பக்கமும் மலை என்பதால்தான் நம் ஊர் இடிமழைக்குத் தனிக் குணம் இருக்கிறது.

காலையில் வெயில் ஏறியதும் பாறையும் மொட்டைச் சரிவும் சீக்கிரம் சுடுகின்றன. அதன் மேலுள்ள காற்று சூடாகி லேசாகி மேலே ஏறுகிறது. அந்த இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் காற்று சரிவைப் பிடித்து மேலே போகிறது. பகலில் பள்ளத்திலிருந்து மலைக்கும், இரவில் மலையிலிருந்து பள்ளத்துக்கும் காற்று போவது இதனால்தான்.

மேற்கே அரபிக்கடலும் கிழக்கே வங்கக்கடலும் இருப்பதால் இரு பக்கக் காற்றும் மலை உச்சியில் சந்திக்கும் நாட்கள் கோடையில் அடிக்கடி வருகின்றன. அவை கொண்டு வரும் ஈரம் மேலே போய்க் குளிர்ந்து மேகமாகிறது. ஈரம் நீராகும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளுகிறது. அடுப்பில் பால் பொங்குவது போல மேகம் தானே தன்னைப் பொங்கவைத்துக்கொள்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலேயும் அது போகும். அதற்கு மேல் ஏற முடியாத இடத்தில் உச்சி தட்டையாகப் பரவுகிறது. கொல்லன் பட்டறையில் இருக்கும் அடைகல்லைப் போன்ற அந்த உருவத்தைக் கண்டால் அது இடிமேகம் என்று உறுதி செய்யலாம்.

மேகத்துக்குள் பனிக்கட்டித் துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்சாரம் சேர்கிறது. அதுவே மின்னலாகப் பாய்கிறது. கட்டிகள் உருகாமல் தரைக்கு வந்தால் ஆலங்கட்டி மழை. மழையோடு சேர்ந்து குளிர்ந்த கனமான காற்று பொத்தென்று கீழே விழுந்து நாலா பக்கமும் பரவுகிறது. மழைக்கு முன்னால் வரும் புழுதிக் காற்று இதுதான். சின்னமனூர், கம்பம் பக்கம் குலை தள்ளிய வாழை ஒரே மாலையில் ஏக்கர் கணக்கில் ஒடிந்து விழுவதும், திருவிழாக் கொட்டகை சாய்வதும் இந்தக் காற்றினால்தான்.

தனி ஒரு இடிமேகத்தின் ஆயுள் முக்கால் மணி, ஒரு மணி நேரம்தான். ஆனால் அதிலிருந்து பரவும் குளிர்காற்று அடுத்த சரிவில் மோதி அங்கே புது மேகத்தை எழுப்புவது உண்டு. இங்கே விட்டு அங்கே பிடிக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

இறங்குமா, இறங்காதா?

மலையில் மேகம் எழுந்த எல்லா நாளும் பள்ளத்தாக்கில் மழை பெய்வதில்லை. தினமும் இடி முழங்கும், ஒரு சொட்டு விழாது என்று நாம் சலித்துக்கொள்வோம். இதற்கு இரண்டு காரணங்களை வாத்தியார் சொன்னார்.

முதலாவது, மேல்காற்று. நாலைந்து கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் மேகம் நகரும். மேல்காற்று கிழக்கிலிருந்து வீசினால் நம் மலையில் எழுந்த மேகம் இடுக்கிப் பக்கம் சாயும், நமக்கு இடிச் சத்தம் மட்டும்தான். மேற்கிலிருந்து வீசினால் பள்ளத்தாக்கின் மேல் இறங்கும். மேகத்தின் உச்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். அன்று அவர் "உச்சி கிழக்கே சாயுது" என்று சொன்னதன் அர்த்தம் இதுதான்.

இரண்டாவது, மூடி. சில நாட்களில் மேலே வறண்ட சூடான காற்று ஓர் அடுக்காக நின்று, பாத்திரத்துக்கு மூடி போட்டது போல மேகத்தை ஏறவிடாமல் தடுக்கும். புழுக்கம் தாங்காது, மழையும் வராது. அந்த மூடி விலகும் நாளில் பெய்தால் கடுமையாகப் பெய்யும்.

எறும்பு முட்டை எடுத்துத் திட்டு ஏறினால் மழை, தட்டான் தாழப் பறந்தால் மழை, ஈசானிய மூலையில் மின்னினால் மழை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவற்றை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஈசானிய மூலை என்பது எல்லா ஊருக்கும் பொருந்துமா என்று நம் ஊரில் வைத்துப் பார்க்க வேண்டும். நாம் கவனித்த வரையில் தேனியில் கோடை இடிமழை பெரும்பாலும் மலை இருக்கும் மேற்குப் பக்கத்திலிருந்தே வருகிறது. பழமொழியையும் நோட்டுப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்த நண்பர்கள் செய்யும் வேலை.

ராடாரும் துணைக்கோளும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. அதன் சென்னை மண்டல மையம்தான் நமக்கு அறிவிப்புத் தருவது. இன்று அதன் ராடார் படங்களையும் இன்சாட் துணைக்கோள் படங்களையும் யார் வேண்டுமானாலும் கைபேசியிலேயே பார்க்கலாம். முன்பு அதிகாரிகள் மட்டுமே பார்க்க முடிந்ததை இப்போது பலசரக்குக் கடைப் பையனும் பார்க்கிறான்.

ராடார் அலைகளை அனுப்பி, மழைத்துளியில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு மழை இருக்கும் இடத்தையும் வலுவையும் வண்ணத்தில் காட்டுகிறது. பச்சை என்றால் லேசான மழை, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு என்றால் பலத்த மழை அல்லது ஆலங்கட்டி. கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள ராடார்கள் நமக்குக் கிட்டத்தில் இருப்பவை. ஆனால் நடுவில் மலை இருக்கிறது. ராடார் அலை நேர்கோட்டில் போவதால் மலைக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும் மழை சரியாகத் தெரியாது. மேகத்தின் மேல்பகுதியைத்தான் அது காணும். இங்கேதான் நம் ஊர் ஆர்வலர் தேவைப்படுகிறார். போடிமெட்டில் இருப்பவர் இங்கே பிடித்துவிட்டது என்று ஒரு போன் செய்தால், போடியிலும் தேனியிலும் இருப்பவருக்கு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கிடைக்கிறது. மூட்டையை உள்ளே தள்ள அது போதும்.

வானிலைத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. பச்சை என்றால் கவலை இல்லை, மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். கட்டணம் இல்லை.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மாவட்டம் முழுமைக்கும் ஒரே எச்சரிக்கை வரும்போது கூடலூரில் கொட்டும், ஆண்டிபட்டியில் வெயில் அடிக்கும். எச்சரிக்கை பொய் என்று சொல்லக்கூடாது. கோடை மழையின் இயல்பே அப்படி. அதேபோல் கைபேசியில் சுற்றிவரும் பயமுறுத்தும் செய்திகளை எல்லாம் நம்பவும் கூடாது. தேதி பார்க்க வேண்டும், யார் சொன்னது என்று பார்க்க வேண்டும். நல்ல ஆர்வலர்களே அதிகாரபூர்வ எச்சரிக்கைக்கு வானிலைத் துறையைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

மழைக்கும் எடை உண்டு

நமக்குத் தராசு எப்படியோ, ஆர்வலருக்கு மழைமானி அப்படி. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள, பக்கம் நேரான ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரை ஸ்கேலால் அளந்தால் அதுவே மழை அளவு. மரத்தடியிலோ சுவரோரமோ வைக்கக் கூடாது. வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளக்கிறது. நாமும் அதே நேரத்தில் அளந்தால் ஒப்பிட வசதி.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கு தெரிந்தால் பயம் வரும். இருபதுக்கு முப்பது அடி கிட்டங்கிக் கூரை சுமார் 56 சதுர மீட்டர். அன்று பெய்த 47 மில்லிமீட்டருக்கு அந்தக் கூரையில் மட்டும் விழுந்தது 2,600 லிட்டருக்கு மேல். பதினைந்து லிட்டர் குடத்தால் 170 குடத்துக்கு மேல் ஒரே மணி நேரத்தில் கொட்டினால் எப்படி இருக்கும்? கூரைத் தண்ணீர் போகும் குழாயில் ஒரு காகிதப்பை அடைத்திருந்தால் போதும், அவ்வளவும் உள்ளே வரும்.

24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிக கனமழை, 204.5ஐத் தொட்டால் அதி கனமழை என்பது வானிலைத் துறையின் வகைப்பாடு. கோடை இடிமழை பல சமயம் கனமழைக் கணக்கிலேயே வராது. ஆனால் நாள் முழுக்கப் பெய்ய வேண்டியதை ஒரு மணி நேரத்தில் கொட்டுவதால் சேதம் அதிகம்.

நாம் நிற்கும் இடத்தில் மழை இல்லை என்பதற்காக நிம்மதி அடையவும் முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிர் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மழை பெய்தது மேலே, வெள்ளம் வந்தது கீழே. நம் சுருளியிலும் கும்பக்கரையிலும் வனத்துறை அவ்வப்போது குளிக்கத் தடை போடுவது இதனால்தான். அருவிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் தடையைப் பார்த்து வியாபாரம் போச்சே என்று வருந்துகிறோம். உயிர் இருந்தால்தானே வாடிக்கையாளர் மறுமுறை வருவார்.

விலைக்கும் சம்பந்தம் உண்டு

போடி ஏல வியாபாரிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்ச் முதல் மே வரை மலையில் இரண்டு மூன்று நல்ல மழை விழுந்தால் ஏலச்செடி சரம் நன்றாக வைக்கும். காப்பிச் செடி பூப்பதும் கோடை மழையால்தான். 2024 கோடையில் மழை பொய்த்து இடுக்கியில் ஏலத்தோட்டங்கள் கருகின. மலையில் எத்தனை மழை விழுந்தது என்ற கணக்கு கையில் இருப்பவர் வதந்தியை நம்பி வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார்.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. 2025இல் அது மே 24லேயே வந்துவிட்டது. வைகாசி முடிவு வரை கோடைதானே என்று திறந்த வெளியில் காயப்போட்டவர்களுக்கு அது ஒரு பாடம்.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

இவ்வளவும் தெரிந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாம் நம் மண்டியில் செய்துவருவதைச் சொல்கிறோம்.

பங்குனி முடிவதற்குள் கூரை, தண்ணீர் இறங்கும் குழாய், வாசல் வாய்க்கால் மூன்றையும் சுத்தம் செய்கிறோம். மூட்டைகளைத் தரையில் போடாமல் கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அட்டி அடுக்குகிறோம். உப்பு, வெல்லம், சீனி, பொரி, தீப்பெட்டி ஆகியவை உள் வரிசையில், வாசலுக்கு எட்டாமல் இருக்கும். தார்ப்பாய் மடித்துப் பரணில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறோம்.

ஏப்ரல், மே மாதங்களில் லோடு ஏற்றுவதையும் இறக்குவதையும் மதியம் இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்கிறோம். மலைக்குப் போகும் வண்டி காலையிலேயே புறப்படும். குமுளி, போடிமெட்டு மலைப்பாதைகளில் மாலை மழையில் மரமும் பாறையும் விழுந்தால் வண்டி இரவு முழுவதும் நிற்க வேண்டியதுதான்.

நனைந்த வற்றலையோ கடலையையோ காய்ந்த சரக்கோடு கலக்கக் கூடாது. ஈரத்தில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. பூஞ்சை பிடித்ததை நட்டக் கணக்கில் எழுதிவிட்டு அப்புறப்படுத்துவதே தர்மம். நாலு மூட்டை நட்டத்தைத் தாங்கலாம், கடைப் பெயர் கெட்டால் தாங்க முடியாது.

இடி கேட்டதும் எலக்ட்ரானிக் தராசு, கம்ப்யூட்டர், பிரிட்ஜ் ஆகியவற்றின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நம் சுமை தூக்கும் தொழிலாளர்கள். நம் நாட்டில் மின்னல் தாக்கி ஆண்டுதோறும் 2,500 பேருக்கு மேல் இறக்கிறார்கள். மின்னலைக் கண்டதும் எண்ண ஆரம்பியுங்கள். இடி கேட்கும்வரை மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே லாரி மேலே நிற்பவரைக் கீழே இறக்கிக் கட்டடத்துக்குள் அழைத்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வேலை. தார்ப்பாய் கட்டுகிறேன் என்று ஒருவரை இடிக்கு நடுவே லாரி மேல் ஏற்றிவிட்டு, நாம் கல்லாவில் உட்கார்ந்திருப்பது பெரும் பாவம். சரக்கு நனைந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

காப்பீடு

2021 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனங்களுக்கென்று இரண்டு பொதுப் பாலிசிகள் வந்துள்ளன. ஓரிடத்தில் உள்ள சொத்தும் சரக்கும் சேர்ந்து 5 கோடி ரூபாய் வரை என்றால் 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா', 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை என்றால் 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. தீயோடு மின்னல், புயல் காற்று, வெள்ளம் ஆகியவையும் இவற்றில் அடங்கும். ஆனால் பாலிசியில் எழுதிய இடத்தில் இருக்கும் சரக்குக்குத்தான் பாதுகாப்பு. திருவிழாக் கடைக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்க வேண்டும். அந்தத் தம்பிக்கு இது தெரியாது, அன்று நமக்கும் தெரியாது.

இருப்புப் பதிவேடு, கொள்முதல் பில், நனைந்த சரக்கின் போட்டோ மூன்றும் கையில் இருக்க வேண்டும். சரக்கை அப்புறப்படுத்தும் முன் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். அன்றைய மழை அளவைக் குறித்து வைப்பது அப்போதும் உதவும்.

நம் வேண்டுகோள்

நாம் சங்கத்தின் முன் வைப்பது ஒரு சிறிய யோசனை. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி என்று ஊருக்கு ஒரு மழைமானி, ஊருக்கு ஓர் உறுப்பினர். காலையில் கடை திறந்ததும் அளந்து ஒரு நோட்டில் எழுத வேண்டியது. கோடை மாலைகளில் மலைப்பக்கத்து உறுப்பினர் மழை பிடித்ததும் கீழே இருப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது. மேகம் பார்க்கும் நண்பர்களை மரியாதையோடு அழைத்து, பங்குனியில் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் பேசச் சொல்ல வேண்டியது. இதற்கு ஆகும் செலவு ஒரு மூட்டை வற்றல் விலைகூட இராது.

பாக்கியைத் தீர்த்துவிட்ட அந்தத் தம்பி இப்போதும் வீரபாண்டியில் கடை போடுகிறார். மதியம் ஒரு மணிக்கு வாத்தியாருக்கு அவரே போன் செய்து, "சார், மலை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையைப் பிரிக்கிறார். நம் மண்டியிலும் லோடு ஏற்றும் முன் ஒருமுறை தெருவுக்கு வந்து மேற்கே பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் வாத்தியார் சொல்லும் மழை அளவை நாமே தினமும் எழுதுகிறோம்.

வானத்தை நம்மால் மாற்ற முடியாது, மூட்டையை உள்ளே நகர்த்த முடியும். வணிக நண்பர்கள் இந்தக் கோடையிலாவது அதைத் தொடங்க வேண்டுமென்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.